புதுப்பிப்பு: கைத் தசைகள் மண்டையில் ஏறாத கதை

முதலாண்டு உடற்கூறியலில் கைத் தசைகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறேன், மறுநாளே மறந்துபோகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். தேர்வு முடிந்தது. தேறிவிட்டேன், சுமாராகத்தான்.

அட்டவணையைத் தூக்கிப்போட்டேன். "நரம்பைப் பிடி, தசை தானாக வரும்" என்று ஒருவர் சொல்லியிருந்தீர்கள், அதுதான் கைகொடுத்தது. முன்கையின் முன்பக்கத்தில் 8 தசைகள். ஆறரையை இயக்குவது மீடியன் நரம்பு, மிச்சம் ஒன்றரையை இயக்குவது அல்நார் நரம்பு. அந்த ஒன்றரை ஃபிளெக்சர் கார்பி அல்நாரிஸும், ஃபிளெக்சர் டிஜிடோரம் புரொஃபண்டஸில் சுண்டுவிரல் பக்கத்துப் பாதியும். இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் மீடியன்தான்.

தசையின் வேலையை என் உடம்பிலேயே பார்த்துக்கொண்டேன். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது முதல் 15 டிகிரிக்கு சுப்ராஸ்பைனேட்டஸ், அப்புறம் டெல்டாய்டு. 90 டிகிரியைத் தாண்ட தோள்பட்டை எலும்பே சுழல வேண்டும். அதற்கு டிரப்பீசியஸும் செரேட்டஸ் ஆன்டீரியரும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் புடைப்பது பால்மாரிஸ் லாங்கஸின் தசைநாண். என் இடது கையில் அதைக் காணோம்! பயப்பட ஒன்றுமில்லை, பலருக்கு அந்தத் தசை பிறவியிலேயே இருக்காது.

தேர்வில் சறுக்கிய இடம் பிரேக்கியல் பிளெக்சஸ், அதாவது கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல். தினமும் காலையில் வெற்றுத்தாளில் வரைந்து பழகியதால் படம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அறுத்துவைத்த உடலில் ஊசி குத்திக் காட்டியபோது எது மீடியன், எது அல்நார் என்றே தெரியவில்லை. படத்தை மட்டும் நம்பியது என் தப்பு. மீடியனுக்கு இரண்டு வேர்கள் சேரும் இடத்தைத் தேடியிருக்கலாம்.

அடுத்து கால். இந்த முறை முதல் நாளே அறுவைக் கூடத்தில்தான் தொடங்கப் போகிறேன்.