மெல்லிய கோள ஓட்டினை அழுத்தும்போது விசை சீராக ஏறாதது ஏன்?

கேள்வி:
மேசைப்பந்து ஒன்றை மழுங்கிய முனையால் அழுத்தி, விசைக்கும் குழிவின் ஆழத்துக்கும் வரைபடம் வரைந்தேன். முதலில் கோடு நேராக ஏறுகிறது. ஆழம் ஓட்டின் தடிமனைத் தாண்டிச் சற்றே கூடியதும் சாய்வு தணிகிறது. மேலும் அழுத்தினால் வட்டப் பள்ளத்தின் விளிம்பில் மூலைகள் தோன்றுகின்றன. கையை எடுத்தால் பந்து பழைய உருவுக்கே திரும்பிவிடுவதால், பொருள் மீள்தன்மை எல்லையைக் கடந்திருக்க வாய்ப்பில்லை. பிறகு இது எதனால்?

பதில் 1:
காரணம் பொருளில் இல்லை, வடிவியலில் இருக்கிறது. ஓட்டினை, அதாவது பந்தின் மெல்லிய சுவரை, நீட்டுவதற்கான ஆற்றல் தடிமனுக்கு நேர் விகிதத்திலும், வளைப்பதற்கான ஆற்றல் தடிமனின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் இருப்பதால், ஓடு மெலிய மெலிய, நீளாமல் வளைந்துகொடுக்கும் வழியையே அது நாடும். குழிவு சிறிதாக இருக்கும்வரை அந்த வழி கிடைப்பதில்லை. ஆழம் கூடியதும் தொப்பி போன்ற ஒரு பகுதி கண்ணாடிப் பிம்பமாக உட்புறம் புரண்டுகொள்கிறது. புரண்ட பகுதியில் நீட்சி ஏறக்குறைய இல்லை. ஆற்றல் முழுவதும் விளிம்பை ஒட்டிய குறுகிய வளையத்தில் தங்குகிறது. அதன் அகலம் ஆரம், தடிமன் ஆகியவற்றின் பெருக்கலின் வர்க்கமூலத்தை ஒட்டியது: ஆரம் 20 மி.மீ., தடிமன் 0.4 மி.மீ. என்றால் ஏறத்தாழ 3 மி.மீ. கணிதவியலாளர் பொகொரெலோவ் காட்டியபடி, இந்நிலையில் விசை ஆழத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதமாகவே ஏறும். வளையத்தில் சுற்றுவாட்டில் அமுக்கம் மிகும்போது, அந்த வளையமே நெளிந்து மூலைகளாகிறது.

பதில் 2:
புள்ளி விசைக்குப் பதிலாக வெளியிலிருந்து சீரான அழுத்தம் கொடுத்தால் கதை வேறு. அப்போது குழிவு ஆழமாக ஆக, அதைத் தாங்கி நிறுத்தத் தேவையான அழுத்தம் குறைந்துகொண்டே போவதால், பள்ளம் ஒருமுறை பிடித்துவிட்டால் ஓடு சட்டென்று நொறுங்கி அமுங்கும். ஓடு சரியும் அழுத்தத்துக்கு 1915-இல் ட்சோலி என்ற ஆய்வாளர் தந்த சூத்திரம் (பாய்சான் விகிதம், அதாவது ஒரு திசையில் நீட்டினால் பொருள் குறுக்கே சுருங்கும் விகிதம், 0.3 எனில், பொருளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகத்தின் 1.21 மடங்கை, தடிமனுக்கும் ஆரத்துக்குமான விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும்) குறையே இல்லாத கோளத்துக்குரியது. சோதனைகளில் பெரும்பாலும் அதன் ஒரு சிறு பங்கிலேயே ஓடு சரிந்துவிடுகிறது. தடிமன் அளவேயான உருவக்குறைகூட இதற்குப் போதும் என்பதைக் பொறியியலாளர் கோய்ட்டரின் 1945-ஆம் ஆண்டு ஆய்வு விளக்கியது. ஆகவே சூத்திரத்தின் விடையை அப்படியே வடிவமைப்பில் எடுத்தாள்வது ஆபத்து.

கேட்டவர்:
பந்தின் இரு பாதிகளும் ஒட்டிய இணைப்புக் கோட்டருகே அழுத்தினாலும் இதே வரைபடம்தான் வருமா?

பதில் 1:
வராது. அங்கே தடிமன் மாறுவதால் விறைப்பும் மாறும். ஒப்பிட வேண்டுமானால் இணைப்பிலிருந்து மிகத் தொலைவான இடத்தில் அழுத்துங்கள்.