கிண்டி 1794: கழிக்கத் தெரியாதவர்களுக்கு

கிண்டிக்காரன்: பக்கத்து இழையில் ஒருவர் "இந்தியாவின் முதல் பொறியியல் கல்லூரி ரூர்க்கி, 1847. கிண்டி அப்புறம்தான்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் கிண்டிப் பொறியியல் கல்லூரியை மைக்கேல் டாப்பிங் சென்னை ஜார்ஜ் கோட்டை அருகே 8 பையன்களோடு தொடங்கியது 1794இல். 53 ஆண்டு மூப்பு. கழித்தலே வராதவர்களுக்குப் பொறியியல் எதற்கு?

கங்கைக்கரை: எழுதியவன் நான்தான். 1794இல் இருந்தது நில அளவைப் பள்ளி. நிலம் அளக்கச் சங்கிலி பிடித்த பையன்களெல்லாம் இன்ஜினியரா? உங்களுடையது கல்லூரி ஆனதே 1859இல்.

கிண்டிக்காரன்: கங்கைக் கால்வாய்க்கு ஆள் தேவைப்பட்டுத்தான் ரூர்க்கியே பிறந்தது. அளக்காமலா வெட்டினார்கள்? 1794.

குரோம்பேட்டை: அண்ணே, நீங்கள் கிண்டிக்கு வந்ததே 1920இல்தானே?

கிண்டிக்காரன்: வீடு மாறினால் வயது குறையுமா? 1949இல் பிறந்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) பிள்ளைகள் பெரியவர்கள் பேச்சில் குறுக்கே வர வேண்டாம்.

குரோம்பேட்டை: சரி, பிள்ளைகள்தான். கலாம் எங்களிடம் படித்தார். உங்கள் 8 பையன்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கிண்டிக்காரன்: ஏ. லலிதா. 1943இல் எங்களிடம் மின்பொறியியல் பட்டம். அப்போது உங்களுக்கு அஸ்திவாரம்கூடக் கிடையாது.

குரோம்பேட்டை: 8 பையன்களில் ஒருவர் என்று கேட்டேன்.

அரியர் அரசி: நான் இணைப்புக் கல்லூரி. என் பட்டத்திலும் அண்ணா பல்கலைக்கழகம்தான் இருக்கிறது. அப்போது நானும் 1794ஆ?

கிண்டிக்காரன்: அம்மா, வளாகம் வேறு, இணைப்பு வேறு. கேட்டில் நின்று போட்டோ எடுத்தால் போதாது. பல்கலைக்கழகமே 1978இல் எங்களை வைத்துத்தான் வந்தது.

அரியர் அரசி: பரீட்சைக் கட்டணம் வாங்கும்போது மட்டும் வேறு இல்லையோ?

ஏ.சி. டெக்: "எங்களை வைத்து" இல்லை, நான்கு கல்லூரிகளை வைத்து. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி என்று ஒன்று 1944லிருந்து அதே காம்பவுண்டில் இருக்கிறது. கண்ணில் பட்டதில்லையா?

கிண்டிக்காரன்: பட்டது. வழி விடுங்கள்.

கங்கைக்கரை: எல்லாரும் திசை திருப்புகிறீர்கள். பள்ளியா, கல்லூரியா?

கிண்டிக்காரன்: ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆனது 2001இல். இருந்தும் வயதை 1847லிருந்து எண்ணுகிறீர்கள். நீங்கள் எண்ணினால் பாரம்பரியம், நாங்கள் எண்ணினால் சங்கிலியா?

கங்கைக்கரை: 1847இலேயே எங்களுடையது கல்லூரி ஐயா, கல்லூரி!

கிண்டிக்காரன்: 1794.

குரோம்பேட்டை: அந்த 8 பேர்?