ஃப்ளஷ் டேங்கில் இரவெல்லாம் தண்ணீர் ஓடுகிறது, டேங்கையே மாற்றணுமா?

கிழக்குக்காடு மருமகள்:
எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில். போர் தண்ணீர்தான். ஷவர், குழாய், பக்கெட் என்று எதைப் பார்த்தாலும் வெள்ளையாக உப்புக் காரை படிந்திருக்கிறது. இப்போது ஃப்ளஷ் டேங்க் தொல்லை. யாரும் அமுக்காமலே அவ்வப்போது தானாக நிரம்புகிற சத்தம், கோப்பைக்குள் ஓயாத கசிவு. வந்த பிளம்பர் மூடியைக்கூடத் திறக்காமல் புது டேங்க் வாங்கச் சொல்லிவிட்டார். வாஷ்பேசின் குழாயும் திருக முடியாமல் இறுகிக்கிடக்கிறது. மாமியார், "வால்வை மூடிட்டு பக்கெட்டுல ஊத்திக்கலாம்" என்கிறார். நானே சரிசெய்ய முடியுமா? கையில் ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு ஸ்பேனரும் இருக்கின்றன.

பொள்ளாச்சி ரோடு:
எங்கள் வீட்டிலும் இதே தண்ணீர்தாங்க. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் கால் பாட்டில் டேங்கில் ஊற்றி, காலையில் ஃப்ளஷ் பண்ணுங்க. காரை போயிடும்.

பழைய ஸ்பேனர்:
ஆசிட் வேண்டாம் அம்மணி. காரை கரையும், இல்லை என்று சொல்லவில்லை. கூடவே டேங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டை அரிக்கும், ரப்பரைக் கெடுக்கும். குழாயில் பட்டால் பளபளப்புப் பூச்சு கறுத்துவிடும். இன்னொன்று, நம் பக்கம் கிணற்றுக்குப் போட வாங்கிய பிளீச்சிங் பவுடர் பல வீடுகளில் பாத்ரூம் மூலையில்தான் இருக்கும். அதுவும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. சின்ன ஜன்னல் வைத்த பாத்ரூமில் அது விளையாட்டு இல்லை.

நான் ஒரு மாணவர் விடுதியில் மராமத்து பார்த்து ஓய்வு பெற்றவன். புது டேங்க் வாங்கச் சொல்கிறவரிடம் நான் முதலில் கேட்பது, கசிவு எந்தப் பக்கம் என்றுதான். மூடியைத் தூக்கித் துணி விரித்து ஓரமாக வையுங்கள், பீங்கான் மூடி உடைந்தால் தனியாகக் கிடைப்பது கஷ்டம். உள்ளே நிற்கிற ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்குள் தண்ணீர் வழிந்தால், கோளாறு தண்ணீர் ஏற்றுகிற வால்வில். வழியாமலே கோப்பையில் கசிந்தால் கோளாறு அடியில் தண்ணீரை அடைக்கும் ரப்பர் சீலில். சந்தேகமாக இருந்தால் டேங்குக்குத் தண்ணீர் வரும் இடத்தில், சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடி, தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டு, சோறு வடித்துவிட்டு வந்து பாருங்கள். கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போனால் சீல்தான். தானாக நிரம்புகிறது என்றதுமே எனக்கு அதுதான் தோன்றியது.

இரட்டைப் பட்டன் டேங்க் என்றால், தண்ணீரைக் காலி செய்துவிட்டு பட்டனுக்கு அடியில் நிற்கும் நடுக்கூட்டை இடப்பக்கம் கால் சுற்று திருகினால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். அதன் அடியில் வளையல் போல ஒரு ரப்பர், அதுதான் சீல். அதிலும், அது உட்காருகிற விளிம்பிலும் காரை நெருடும். கத்தியால் சுரண்டக் கூடாது, விளிம்பில் கீறல் விழுந்தால் அப்புறம் எந்த ரப்பரும் அடைக்காது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கேளுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு கரண்டி போட்டு, கழற்றிய சாமானை ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வினிகர் இருந்தால் அதுவும் சரி. ரப்பர் உப்பியோ விறைத்தோ போயிருந்தால் மட்டும் புதிது போடுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

சித்தூர்ப்புழை:
அண்ணா சொல்வது சரி. ஒன்று மட்டும்: ரொம்ப நாள் தொடாத ஆங்கிள் வால்வை பலமாகத் திருகாதீர்கள். மொட்டை மாடித் தொட்டியின் வால்வை முதலில் மூடிவிட்டு அப்புறம் கை வையுங்கள். வால்விலிருந்து டேங்குக்குப் போகும் ஹோஸ் குழாயின் முனையில் வாஷர் இருப்பதால் அங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை. பிளாஸ்டிக் நட் என்றால் கையால் இறுக்கினாலே போதும், ஸ்பேனர் போட்டால் வெடித்துவிடும்.

கிழக்குக்காடு மருமகள்:
சீல்தான் அண்ணா! கோடு நன்றாகவே இறங்கியது. ரப்பர் விறைத்திருந்தது. இங்குள்ள கடையில் முழு செட்டாகத்தான் கொடுப்பேன் என்றார்கள், பொள்ளாச்சியில் ரப்பர் மட்டும் கிடைத்தது. இப்போது சத்தமே இல்லை. மாமியார் மூன்றாவது முறையாக மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குழாய்க்கு என்ன செய்ய?

பழைய ஸ்பேனர்:
குழாய்க்குப் போகும் தண்ணீரை அடைத்துவிட்டு, கைப்பிடியின் தலையில் உள்ள மூடியை நெம்பி, உள்ளிருக்கும் ஸ்குரூவைக் கழற்றுங்கள். கைப்பிடி வந்ததும் கீழே தெரிவது ஸ்பிண்டில், தண்ணீரைத் திறந்து மூடுகிற பாகம். கால் சுற்றுக் குழாய் என்றால் அதற்குள் பீங்கான் தகடு இரண்டு இருக்கும், அதில் காரை ஏறினால் இறுகும். எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். இளகாவிட்டால் புது ஸ்பிண்டில்தான். வாங்கும்போது தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகணும், திறக்கிற திசையும்தான். சுடுதண்ணீர்க் குழாய்க்கும் பச்சைத்தண்ணீர்க் குழாய்க்கும் எதிரெதிராகத் திரும்புகிற ஸ்பிண்டில்கள் உண்டு. குழாய் முனையில் இருக்கும் சல்லடையையும் திருகிக் கழற்றி அதே தண்ணீரில் போட்டுவிடுங்கள்.