ஸ்பானிய மொழியில் 'யோவெரீயா': 'சி' என்ற சொல்லுக்குப் பின் வரலாமா, கூடாதா?

கேள்வி:

ஸ்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் டெலே தேர்வின் பி1 என்னும் இடைநிலைக்குப் படித்து வருகிறேன். மழை பெய்வதைக் குறிக்கும் 'யோவேர்' என்னும் வினையை நிபந்தனை வடிவில் ஆள்வதில் மூன்று ஐயங்கள் உள்ளன. நிகழ்காலத்தில் 'யுவேவே' என்று உருமாறும் இந்த வினை, நிபந்தனை வடிவில் மட்டும் மாறாமல் 'யோவெரீயா' என்றே நிற்பது ஏன்? நிபந்தனையைக் குறிக்கும் 'சி' என்ற சொல்லை அடுத்து இந்த வடிவம் வரக் கூடாது என்று பாடநூல் சொல்கிறது. ஆனால் ஒரு பயணக் கட்டுரையில் 'நோ சபீயாமோஸ் சி யோவெரீயா' என்று படித்தேன். அது பிழையா? மேலும், பெரு நாட்டின் தலைநகரான லீமாவைப் பற்றி எழுதும் பத்தியில், 'அங்கே பலத்த மழை பெய்தால் தெருக்களில் வெள்ளம் புகுந்துவிடும்' என்பதை எப்படிச் சொல்வது?

மறுமொழி 1:

முதல் ஐயத்துக்கு விடை அழுத்தத்தில் இருக்கிறது. 'யுவேவே' என்று சொல்லும்போது அழுத்தம் வேரின் மேல் விழுகிறது. அழுத்தம் விழும் இடத்தில்தான் அந்த ஓகாரம் 'உவே' என்று பிளவுபடும். நிபந்தனை வடிவமோ 'யோவேர்' என்ற முழு வினைப்பெயரோடு 'ஈயா' என்னும் ஈற்றைச் சேர்த்து உருவாவது. அழுத்தம் அந்த ஈற்றுக்குப் போய்விடுவதால் வேர் அப்படியே இருக்கிறது. பனி பொழிவதற்கு 'நியேவா', ஆனால் 'நெவரீயா'. இடி இடிப்பதற்கு 'துருவேனா', ஆனால் 'த்ரொனரீயா'. உறைபனிக்கு 'இயேலா', ஆனால் 'எலரீயா' என எல்லாமே இந்த வழியில்தான் போகின்றன. வானிலையைப் பேசும்போது மனப்பாடம் செய்ய வேண்டிய ஒழுங்கற்ற வடிவங்கள் இரண்டே: குளிர், வெயில் முதலியவற்றுக்கு வரும் 'ஆஸேர்' என்பது 'ஆரீயா' ஆகும், மூடுபனி போன்றவற்றுக்கு வரும் 'ஆபேர்' என்பது 'ஆப்ரீயா' ஆகும்.

இரண்டாவது ஐயத்தில் தமிழே உங்களுக்குக் கைகொடுக்கும். 'சி' என்ற ஒரே சொல் ஸ்பானிய மொழியில் இரண்டு வேலை செய்கிறது. தமிழில் 'பெய்தால்' என்று வரும் இடத்தில் அது நிபந்தனை. அங்கே 'யோவெரீயா' வரவே கூடாது, 'யோவியேரா' என்ற வடிவம்தான் வர வேண்டும். தமிழில் 'பெய்யுமா என்று' என வரும் இடத்தில் அது மறைமுக வினா. அங்கே 'யோவெரீயா' முற்றிலும் சரி. நீங்கள் படித்த வாக்கியத்தின் பொருள் 'மழை பெய்யுமா என்று எங்களுக்குத் தெரியவில்லை' என்பதுதான், ஆகவே அதில் பிழை இல்லை. எழுதும்போது 'ஆல்' வருகிறதா, 'ஆ' வருகிறதா என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பாடநூலின் அட்டவணையைவிட இது விரைவாக வழிகாட்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் வேறோர் இடத்தில் தமிழ் வழக்கம் இடறச் செய்யும். 'மழை பெய்யும் என்று திங்கட்கிழமை சொன்னார்கள்' என்னும்போது நாம் 'பெய்யும்' என்பதை மாற்றுவதில்லை. ஸ்பானிய மொழியில், சொன்னது இறந்தகாலமாக இருந்து, குறித்த நேரமும் கடந்துவிட்டதென்றால், 'எல் லூனெஸ் திஹேரோன் கே யோவெரீயா' என்று நிபந்தனை வடிவத்துக்கு மாற வேண்டும். குறித்த நாள் இன்னும் வரவில்லை என்றால் 'யோவெரா' என்ற எதிர்காலமும் ஏற்கப்படும். இலக்கண அறிஞர் ஆந்த்ரேஸ் பேயோ 1847ல் வெளியிட்ட இலக்கண நூலில் இவ்வடிவத்துக்கு 'போஸ்ப்ரெத்தேரித்தோ', அதாவது இறந்தகாலத்துக்குப் பின்வருவது, என்று பெயரிட்டது இந்தப் பயன்பாட்டைக் கருதித்தான். மெக்சிகோவின் பாடநூல்களில் இன்றும் அப்பெயரைக் காணலாம்.

மறுமொழி 2:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாடு, புர்கோஸ், லா ரியோஹா ஆகிய பகுதிகளில் பேச்சில் நிபந்தனைப் பொருளிலேயே 'சி யோவெரீயா' என்று சொல்பவர்களைக் கேட்கலாம். அது அவ்வட்டார வழக்கு. அவர்களைத் திருத்தப் போக வேண்டாம். பொது எழுத்து வழக்கும் தேர்வும் அதை ஏற்பதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. 'ஆல்', 'ஆ' என்று பிரித்துப் பார்த்ததும் தெளிந்துவிட்டது. காலையில் எழுந்து ஈரமான தெருவைப் பார்த்து, 'இரவில் மழை பெய்திருக்கும்' என்று ஊகிப்பதற்கும் இதே வடிவம் வரும் என்று கேள்விப்பட்டேன். அது எப்படி?

மறுமொழி 1:

வரும். 'அனோச்சே யோவெரீயா' என்றால் 'நேற்றிரவு மழை பெய்திருக்கும்' என்ற ஊகம். இங்கே நிபந்தனை எதுவும் இல்லை. ஆனால் ஈரம் இப்போதும் கண்முன் இருக்கும்போது 'ஆப்ரா யோவீதோ' என்பதே இயல்பாக வாயில் வரும். 'அனோச்சே' போலக் கடந்த நேரத்தைக் குறிக்கும் சொல் இருக்கும்போது 'யோவெரீயா' பொருந்தும்.

லீமா வாக்கியத்துக்கு வருகிறேன். முதலில், தமிழில் மழை என்பது எழுவாய். ஸ்பானிய வினைக்கு எழுவாயே கிடையாது. 'லா யூவியா யோவெரீயா' என்று எழுதிவிடாதீர்கள். வினை எப்போதும் படர்க்கை ஒருமையில் நிற்கும். கண்டனங்கள் குவிவது போன்ற உருவகப் பொருளில் மட்டும் 'லே யோவெரீயான் லாஸ் க்ரீதிகாஸ்' என்று பன்மை வரும். அங்கே கண்டனங்கள்தாம் எழுவாய். உங்கள் வாக்கியம் இப்படி அமையும்: 'சி யோவியேரா ஃபுவேர்தே என் லீமா, லாஸ் காயேஸ் சே இனுந்தரீயான்.'

மறுமொழி 3:

வாக்கியம் சரி, லீமாவுக்கு ஏற்ற சொல்லையும் அந்தப் பத்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர்காலத்தில் பல நாட்கள் விழுவது 'கரூவா' எனப்படும் மெல்லிய தூறல். ஆடையை ஈரமாக்கும், ஆனால் தெருவில் நீர் ஓடாது. அதற்கென்றே 'கருவார்' என்ற வினை இருக்கிறது, அதன் நிபந்தனை வடிவம் 'கருவரீயா'. ஆகவே 'தூறும் என்றார்கள்' என்பதற்கு 'திஹேரோன் கே கருவரீயா' என்றும், வெள்ளம் புகும் அளவுக்கான மழைக்கு மட்டும் 'யோவியேரா ஃபுவேர்தே' என்றும் எழுதினால், இரண்டு மழைகளுக்கும் உள்ள வேறுபாடு வாசிப்பவருக்கு உடனே புரியும்.