அசோசியேஷன் கணக்கு: உங்க ஃபிளாட்டில் எப்படி நடக்குது?

மேடவாக்கம், 24 வீடு

மூணு வருஷமா எங்க ஃபிளாட்டுக்கு ட்ரெஷரர் நான்தான். ஆசைப்பட்டு வந்ததில்லை. ஏஜிஎம்-ல (வருஷாந்திரப் பொதுக்கூட்டம்) "யார் பார்த்துக்கறீங்க?"னு கேட்டதும் எல்லாரும் தரையைப் பார்த்தாங்க. நான் அந்த நேரம் பார்த்து நிமிர்ந்துட்டேன்.

கீழ கார் நிறுத்தற ஸ்டில்ட், அதுக்கு மேல நாலு மாடி, ஒரே லிஃப்ட். சதுர அடிக்கு 3 ரூபா மெயின்டனன்ஸ். எல்லாரும் ஒழுங்கா கட்டினா மாசம் 72,000 வரணும். ரெண்டு வாட்ச்மேன், பெருக்கற அம்மா, லிஃப்ட் ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்), பொது ஈபி, செப்டிக் லாரி எல்லாம் இதுலதான். ஏப்ரல், மே வந்தா போர்வெல் மூச்சு வாங்க ஆரம்பிச்சுடும், லாரித் தண்ணிக்கு மட்டுமே 30,000 போயிடும்.

நான் வந்தப்போ நாலு வீடு பாக்கி. அதுல மேல்மாடி சார் 11 மாசம் கட்டலை. வாட்ஸப் குரூப்ல அவர் பேரைப் போட்டு நாறடிக்கணும்னு கமிட்டியில் ஒரு கட்சி. நான் செக்ரட்டரியைக் கூட்டிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போனேன். அவர் ஒண்ணும் பேசலை, பெட்ரூமைத் திறந்து காட்டினார். கட்டிலை ஒரு மூலைக்குத் தள்ளிட்டு, நடுவுல ரெண்டு பக்கெட் வச்சிருந்தாங்க. சீலிங் சுண்ணாம்பு உரிஞ்சு கம்பி தெரியுது. "மொட்டை மாடி பொதுச் சொத்துன்னு துணி காயப்போட எல்லாரும் வர்றீங்க. ஒழுகினா மட்டும் என் சொத்தா?" அப்படின்னார்.

அவர் கேட்டது நியாயம். வாட்டர்ப்ரூஃபிங் ரெண்டு ஏஜிஎம்-ல பேச்சுக்கு வந்து, கீழ் மாடிக்காரங்க வேண்டாம்னு தள்ளிவிட்டிருக்காங்க. அதுக்காக அவர் மெயின்டனன்ஸை நிறுத்தினதும் சரியில்லை. லிஃப்ட்டும் தண்ணியும் அவருக்கும்தானே ஓடுது? கடைசியில் வீட்டுக்கு 6,000 தனியா வசூல் பண்ணி மாடி வேலையை முடிச்சோம். அவர் பாக்கியை ரெண்டு தவணையா கட்டினார், முணுமுணுத்துக்கிட்டேதான்.

இன்னொண்ணு. அதுவரைக்கும் கணக்கு பழைய ட்ரெஷரர் வீட்டு டைரியில் இருந்தது. மனுஷர் ஒரு பைசா தொடாதவர், ஆனா அந்த டைரியை வேற யாரும் பார்த்ததில்லை. நான் மாசாமாசம் ஒரு ஏ-4 தாள்ல வரவு செலவை அடிச்சு லிஃப்ட் பட்டன் பக்கத்துல ஒட்ட ஆரம்பிச்சேன். குரூப்ல பிடிஎஃப் அனுப்பினா எவனும் திறக்க மாட்டான். லிஃப்ட்டுக்கு நிக்கறவனுக்கு வேற வேலை இல்லை, படிச்சுத்தான் ஆகணும்.

ரெண்டாவது மாசமே மூணாம் மாடிப் பாட்டி என்னைப் பிடிச்சாங்க. "தம்பி, லாரி ஒம்போதுன்னு போட்டிருக்கே. நான் பால்கனியில உக்காந்து எண்ணினது ஏழுதான்." வாட்ச்மேன் நோட்டை எடுத்தா ஒன்பது கையெழுத்து, ரெண்டு ஒரே பேனாவில் ஒரே நேரத்துல போட்ட மாதிரி. லாரிக்காரர்கிட்ட கேட்டா ஏழுக்கு ஒத்துக்கிட்டார். "குச்சி விட்டுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடச் சொல்லு. லாரி டேங்க் முக்கால்தான் இருக்கும்"னு பாட்டி அதுக்கும் ஒரு வழி சொன்னாங்க. இப்போ ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டு கேட் பக்கத்துல சாத்தி வச்சிருக்கோம்.

உங்க இடத்துல எப்படி? நல்லது கெட்டது எதுவானாலும் எழுதுங்க.


வேளச்சேரி, 16 வீடு

சார், உங்களுக்கு ஒழுகினது மேல. எங்களுக்கு எல்லாமே கீழருந்துதான் வரும்.

2015 வெள்ளத்துல ஒரு தடவை பட்டும் புத்தி வரலை. ஈபி பேனல் போர்டும் மோட்டார் ஸ்டார்ட்டரும் ஸ்டில்ட்ல இடுப்பு உயரத்துலயே இருந்தது. மேல தூக்கி வைக்கலாம்னு ஏஜிஎம்-ல சொன்னேன், "அந்த மாதிரி மழை நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான்"னு ஒருத்தர் முடிச்சு வச்சார். எட்டு வருஷத்துல, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து நின்னுது. கரண்ட் இல்லை, மோட்டார் காலி, சம்புக்குள்ள (தரைக்குக் கீழ இருக்கற தண்ணித் தொட்டி) சாக்கடை. சுத்தி தண்ணி, குடிக்க ஒரு டம்ளர் இல்லை. தண்ணி வடிஞ்சப்புறம் சம்பை மூணு தடவை இறைச்சு, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியும் முதல் வாரம் வாசனை போகலை.

அப்புறம்தான் கூத்து. கார் மூழ்கின நாலு பேர் அசோசியேஷன் பணம் தரணும்னு நின்னாங்க. எந்தக் கணக்குல தர்றது? கார்ப்பஸ் ஃபண்டு (பெரிய செலவுக்குன்னு சேர்த்து வச்ச பொதுப் பணம்) கட்டடத்துக்கு, காருக்கு இல்லைன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு குடும்பம் பேச்சு வார்த்தை நின்னு போச்சு. பேனல் போர்டு இப்போ முதல் மாடி லேண்டிங்கில். 2024 அக்டோபர்ல மழைக்கு ரெட் அலர்ட்னு சொன்ன உடனே வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நின்னுதே, அதுல எங்க ஃபிளாட் கார் பாதி. குரூப்ல "இடம் இருக்கு, சீக்கிரம் வாங்க"ன்னு போட்டதே செக்ரட்டரிதான். என்னைக் கேட்டா, எங்க அசோசியேஷன் ஒழுங்கா வேலை செஞ்ச முதல் நாள் அதுதான்.


சோழிங்கநல்லூர், வாடகை வீடு

நான் ஓனர் இல்லைங்க, அதனால இங்க எழுதலாமான்னு யோசிச்சேன். முந்நூத்துச் சொச்சம் வீடு, ஸ்விம்மிங் பூல், ஜிம் எல்லாம் உண்டு. மெயின்டனன்ஸ் கட்டறது நான், ஓட்டு போடறது அமெரிக்காவில் இருக்கற ஓனர். அவர் இந்த வீட்டைப் பார்த்தே நாலு வருஷம் ஆச்சு. ஜிபிஎம்-க்கு (பொதுக்குழுக் கூட்டம்) போய் பின்னாடி உட்கார்ந்தேன், "ஓனர்ஸ் மட்டும் மேடம்"னு வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டாங்க.

சட்டப்படி மெம்பர் ஓனர்தான், அது எனக்கும் தெரியும். ஆனா தண்ணி எப்போ நிக்கும்ங்கறதையாவது ஓனருக்கு மட்டும் மெயில் அனுப்பாம எங்களுக்கும் சொல்லலாமே? நான் ஓனர்கிட்ட கேட்டு, அவருக்குப் பதிலா நான் கலந்துக்கலாம்னு ப்ராக்ஸி லெட்டர் வாங்கினேன். சங்க விதிகள்ல, அதாவது பைலாவில் ப்ராக்ஸிக்கு இடம் இருந்தது, யாரும் தடுக்க முடியலை. இந்த வருஷம் நானே போய் உட்கார்ந்து ஜிஎஸ்டி கேள்வி கேட்டேன். பெரிய ஃபிளாட்டுக்கு மெயின்டனன்ஸ் மாசம் 7,500-ஐத் தாண்டுது. வருஷ வரவு 20 லட்சத்துக்கு மேல போற அசோசியேஷன்னா அந்த வீடுகளுக்கு 18 சதவீதம் வரும். எங்களது 7,500-க்குக் கீழ. இருந்தும் பில்லில் எல்லாருக்கும் சேர்த்துப் போட்டிருந்தாங்க. தப்புன்னு ஒத்துக்கிட்டு அடுத்த பில்லில் கழிச்சாங்க. அதிசயமா ரெண்டு ஓனர் மாமிங்க கை தட்டினாங்க!


நங்கநல்லூர், 8 வீடு

எங்களுடையது சின்ன இடம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் சுழற்சி முறை. வருடத்துக்கு ஒரு வீடு. லிஃப்ட் கிடையாது. அது இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. 2022 செப்டம்பரில் மின்வாரியத்தில் பொது மீட்டரைத் தனி வகையாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டார்கள். படிக்கட்டு விளக்குக்கும் மோட்டாருக்கும் அதுவரை கொடுத்ததைவிட நன்றாகவே ஏறியது. அடுத்த வருடம் அக்டோபரில், பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் இருக்கிற, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். நாங்கள் அதில் வந்தோம். முழங்கால் வலிக்குக் கிடைத்த நஷ்ட ஈடு என்று வீட்டில் சொல்வேன்.

இப்போதைய பேச்சு வேறு. கட்டடத்துக்கு 38 வயது. பால்கனி சிமென்ட் கையோடு வருகிறது. இடித்துக் கட்ட முன்பெல்லாம் ஒருவர் மறுத்தாலே வேலை நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எட்டில் ஆறு. ஐந்து கையெழுத்து வந்துவிட்டது. ஆறாவதாகப் போட வேண்டியவர் என் எதிர் வீட்டு நண்பர், முப்பது வருடப் பழக்கம். தினம் சாயங்காலம் காபிக்கு வருகிறார், எல்லாம் பேசுகிறோம், அதை மட்டும் இருவரும் பேசுவதில்லை.


கோயம்புத்தூர், 60 வீடு

நாங்க புதுசுங்க. சாவி வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. பில்டர் "அசோசியேஷன் எல்லாம் மெதுவா ஆரம்பிச்சுக்கலாம், நாங்களே பார்த்துக்கறோம்"னு இனிக்க இனிக்கப் பேசினாரு. கார்ப்பஸ் பணம் அவங்க கையில இருக்கற வரைக்கும் அப்படித்தான் பேசுவாங்க. அசோசியேஷன் இல்லைன்னா கேக்கறதுக்கு ஆளே இல்லைல்லங்க.

எங்க எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) நாத்தம் தாங்காது. ஆளாளுக்குப் போய்க் கேட்டப்போ "பார்க்கறோம் சார்". சங்கமாப் பதிவு பண்ணி, லெட்டர்ஹெட்ல எழுதி, பதிவுத் தபால்ல அனுப்பினோம். ரெரா சட்டத்துல (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) ஒப்படைச்ச நாளிலிருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள வேலைக் குறை இருந்தா, சொன்ன 30 நாளுக்குள்ள பில்டர் தன் செலவுல சரி பண்ணணும்னு இருக்குங்க. அந்த வரியை அப்படியே எழுதிப் போட்டோம். 26-வது நாள் எஸ்டிபி-க்குக் காத்து அடிக்கற ப்ளோயர் மோட்டார் புதுசு வந்து இறங்குச்சு. ஆனா ஒண்ணு, போட்டோவும் தேதியும் இல்லாம எழுதாதீங்க. எங்க முதல் லெட்டருக்கு அதனாலதான் பதிலே வரலை.


மேடவாக்கம், 24 வீடு

எல்லாத்தையும் படிச்சேன். வேளச்சேரி சார், உங்களைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி டார்ச்சோட கீழ போய் எங்க பேனல் போர்டை அளந்தேன். தரையிலிருந்து ரெண்டரை அடி. இந்த ஏஜிஎம்-ல முதல் அஜெண்டா அதுதான். யாராவது நூறு வருஷம்னு ஆரம்பிச்சா உங்க போஸ்ட்டையே வாசிச்சுக் காட்டறேன்.

சோழிங்கநல்லூர் மேடம், எங்க 24-ல ஒன்பது வீடு வாடகைதான். ஓட்டு இல்லைன்னாலும் உட்கார்ந்து பேசலாம்னு இந்த வருஷம் நோட்டீஸ்லயே போடறேன். லாரி எண்ணின பாட்டியும் வாடகைக்கு இருக்கறவங்கதான், அது எனக்கே போன மாசம்தான் தெரியும்.

மேல்மாடி சார் இப்போ அவரே மாடியில் துணிக்கொடி கட்டறவங்களை விரட்டிக்கிட்டிருக்கார். புது வாட்டர்ப்ரூஃபிங்ல ஆணி அடிக்கக் கூடாதாம். அது தனிப் பஞ்சாயத்து, வந்து எழுதறேன். கீழ லாரி ஹார்ன் அடிக்குது, பாட்டி பால்கனியிலிருந்து கூப்பிடறாங்க. குச்சியை எடுத்துக்கிட்டுப் போகணும்.