கிளைடரில் வழிகாட்ட இ-இங்க் வாசிப்பான்: கோபோ சரிவருமா?

முகில்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென் ஜெர்மனியில், ஷ்வேபிஷ் ஆல்ப் மலை விளிம்பின் அடியில் இருக்கும் ஹான்வைடே களத்தில் மூன்று ஆண்டுகளாகக் கிளைடர் (என்ஜின் இல்லாத விமானம்) ஓட்டிவருகிறேன். போன கோடையில் உரிமம் கைக்கு வந்தது. வரும் வசந்தத்தில், கிளைடர் ஓட்டிகளுக்கான தகுதிச் சின்னங்களில் ஒன்றான வெள்ளிச் சின்னத்துக்கான 50 கிலோமீட்டர் பறப்பை முயல ஆசை. டெக் கோட்டையைத் தாண்டி, மலை விளிம்பை ஒட்டியே கிழக்கே போய் ஆலன்-எல்ஷிங்கன் களத்தில் இறங்குவது திட்டம். ஏறத்தாழ 60 கி.மீ. கிளப்பில் எனக்குக் கிடைக்கக்கூடியது பழைய கா 8, ஒருவர் மட்டும் உட்காரும் கிளைடர்.

சிக்கல் திரையில்தான். போன ஜூலையில் கைப்பேசியை எக்ஸ்.சி.சோர் என்ற வழிகாட்டும் மென்பொருளோடு பொருத்திப் பறந்தேன். கண்ணாடி மூடியின் கீழ் ஒன்றரை மணி நேரம் வெயில் பட்டதும் திரை தானாகவே மங்கியது. பிறகு வெப்ப எச்சரிக்கை காட்டிவிட்டு அணைந்தே போனது. களத்துக்கு மேலேயே இருந்ததால் ஆபத்து இல்லை. ஆனால் அணைவதற்கு முன்பும் அதைப் படிக்கப் பெரும்பாடு பட்டேன். முகத்தை அருகில் கொண்டுபோய்க் கையால் நிழல் மறைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. போலரைஸ்டு வெயில் கண்ணாடி போட்டிருந்ததால், கைப்பேசியைக் கிடையாக வைத்தால் திரை முழுவதும் கறுப்பு.

புத்தகம் படிக்கும் கோபோவில் எக்ஸ்.சி.சோர் ஓடும் என்று கேள்விப்பட்டேன். வேகமாக மாறும் எண்களை அந்தத் திரை காட்டுமா? அதில் ஜி.பி.எஸ். கிடையாதே, இருப்பிடம் எப்படித் தெரியும்? கா 8-இல் 12 வோல்ட் மின்கலமும் ஃப்ளார்மும் (பக்கத்து விமானத்தோடு மோதாமல் எச்சரிக்கும் கருவி) இருக்கின்றன. கருவிப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக்கூட இடமில்லை. பட்டறிவு உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேகத்தடி எழுதியது:

வணக்கம். ஐந்து பருவங்களாகக் கோபோ மினியோடு எல்.எஸ். 4 கிளைடர் ஓட்டுகிறேன். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் கைப்பேசி. திரும்பக் கைப்பேசிக்குப் போகும் எண்ணம் இல்லை.

ஒரு காரணம் மட்டும் சொல்ல வேண்டுமானால் கண்களைச் சொல்வேன். கைப்பேசித் திரை தானே ஒளி உமிழ்ந்து வெயிலோடு போட்டி போடுகிறது. ஒரு இலட்சம் லக்ஸ் வெயிலிடம் அது தோற்கத்தான் செய்யும். இ-இங்க் திரையில் இருப்பவை கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள். மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். வெளி வெளிச்சம் பட்டுத்தான் அது தெரிகிறது என்பதால், வெயில் ஏற ஏற அச்சடித்த காகிதம் போலத் துலங்கும். போலரைசர் தகடு இல்லாததால் உங்கள் வெயில் கண்ணாடியும் தொல்லை தராது. கீழே ஒரு பார்வை, எண் மனத்தில் பதிந்துவிடும், கண் மறுபடி வெளியே. மேலே தூக்கும் ஒரே வெப்பக்காற்றில் நான்கைந்து விமானங்கள் சுற்றும் நாளில் திரையோடு மல்லுக்கட்டும் மூன்று விநாடி எவ்வளவு நீளமானது என்று உங்களுக்கே தெரியும்.

வேகமாக மாறும் எண்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றை இந்தத் திரையிடம் கேட்காதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். வேரியோ (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) முள்ளை அதில் வைத்தால், காற்று உங்களைத் தூக்கிய பிறகுதான் திரை சொல்லும். ஏற்ற இறக்கத்தைக் காதால் கேட்க வேண்டும், அதற்கு ஒலி வேரியோ இருக்கிறது. ஃப்ளார்ம் எச்சரிக்கைக்கும் அதன் சொந்த விளக்கும் ஒலியும்தான். பக்கத்து விமானத்தை எக்ஸ்.சி.சோர் வரைபடத்திலும் காட்டும், ஆனால் அதை நம்பித் திரும்ப வேண்டாம்.

மெதுவாக மாறும் எண்களுக்கு இது பொன். என் திரையில் நான்கே பெட்டிகள்: இலக்கை அடையும்போது மிஞ்சும் உயரம், காற்று, இப்போதைய உயரம், இலக்கின் தூரம். மீதி முழுவதும் வரைபடம். இவற்றில் முதலிரண்டும் கா 8 ஓட்டுபவருக்கு உயிர் போன்றவை. அந்த விமானத்தின் சிறந்த சறுக்கு விகிதம் 27. நீங்கள் மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது எதிரே 20 கி.மீ. காற்று அடித்தால், தரையைப் பொறுத்த வேகம் 55 ஆகிவிடும். 27 என்பது 20-க்கு இறங்கிவிடும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் 27 கி.மீ. கைக்கு எட்டும் என்று நினைத்த இடத்தில் 20 கி.மீ. தான் எட்டும். நடுவில் இறங்குகாற்றைக் கடந்தால் அதுவும் குறையும். எல்ஷிங்கனுக்கு மேற்குக் காற்று முதுகில் தள்ளும், நல்லது. மனம் மாறி நடுவழியில் திரும்பும்போதுதான் இந்தக் கணக்கு முகத்தில் அறையும். அப்போது மிஞ்சும் உயரம் 180 மீட்டர் என்று பெரிய எழுத்தில் தெரிந்தால், ஆசையை விட்டுவிட்டுக் கீழே நல்ல வயலைத் தேட நேரம் கிடைக்கும்.

சில அமைப்புகளை முதல் நாளே மாற்றிவிடுங்கள். நிலப்பரப்பின் நிறச்சாயல் வேண்டாம். மலைகளெல்லாம் சாம்பல் சேறாகி, வான்வெளி எல்லைக் கோடுகள் அதில் புதைந்துபோகும். ஷ்டுட்கார்ட் விமான நிலையத்தின் கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளி பக்கத்திலேயே இருக்கும்போது அந்தக் கோடுகள்தான் முதலில் தெரிய வேண்டும். எல்லைகள் கறுப்புக் கோடாக இருக்கட்டும். வான்வெளிக் கோப்பை ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக ஏற்றுங்கள். வெப்பக்காற்றில் சுற்றும்போது வரைபடம் வடக்கு மேலாக அசையாமல் நிற்கட்டும். விமானத்தோடு அதுவும் சுழன்றால் ஒவ்வொரு நொடியும் முழுத் திரையையும் மாற்றி வரைய வேண்டியிருக்கும், பழைய படத்தின் நிழல் புதியதன்மேல் தங்கிவிடும். அந்த நிழலைத் துடைக்கத் திரை அவ்வப்போது ஒருமுறை முழுக்கக் கறுத்து வெளுக்கும். பழுது என்று பதறாதீர்கள்.

மென்பொருளை ஏற்றுவது எளிது. எக்ஸ்.சி.சோர் தளத்தில் கோபோவுக்கென்று இருக்கும் கோப்பை இறக்கி, கணினியோடு இணைத்து, கோபோவின் மறைந்திருக்கும் கோப்புறையில் போட்டு இணைப்பைக் கழற்றினால் போதும். தானே நிறுவிக்கொண்டு மறுபடி தொடங்கும். அதன் பிறகு ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஒரு பட்டியல் வரும், எக்ஸ்.சி.சோரா வாசிப்பானா என்று தேர்ந்தெடுக்கலாம். கோபோவின் உள்ளே லினக்ஸ் ஓடுவதாலும், எக்ஸ்.சி.சோர் 2005 முதல் திறந்த மூலமாக இருப்பதாலும்தான் இது நடக்கிறது. எல்லாக் கோபோவிலும் ஓடாது. ஆதரவுள்ள மாதிரிகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மினி 2012-இல் வந்தது, 5 அங்குலத் திரை, 134 கிராம். இப்போது பழையதாகத்தான் கிடைக்கும். கா 8-இல் உங்கள் முழங்காலுக்கும் பலகைக்கும் நடுவே அடங்கக்கூடிய அளவு அதுதான்.

பிலிங்கில்_பறப்பவன் எழுதியது:

நான் பாராகிளைடர் ஓட்டுபவன். இமாச்சலில் பீர்-பில்லிங்தான் எனக்கு ஆண்டுதோறும் பள்ளிக்கூடம். கோபோ மினிக்குள்ளேயே ஜி.பி.எஸ்ஸும் காற்றழுத்த உணரியும் சேர்ந்த ப்ளூஃப்ளை பலகையைப் பற்றவைத்து, மடிமேல் வைத்துப் பறக்கிறேன். கண்ணாடி மூடிகூட இல்லாத எங்களுக்கு வெயில் நேராகவே விழும். மேலே சொன்னது முழுக்க உண்மை.

இரண்டு சொற்கள் சேர்க்கிறேன். ஒன்று குளிர். பில்லிங் மேடை சுமார் 2,400 மீட்டர். அதற்கு மேல் மேக அடிவரை ஏறி நீண்ட நேரம் நிழலில் இருந்தால் திரை சோம்பிவிடுகிறது. துகள்கள் மிதக்கும் திரவம் குளிரில் தடித்துவிடுவதுதான் காரணம். எழுத்து வெளிறி, பழைய நிழல் அதிகம் தங்கும். மறுபடி வெயிலில் வந்ததும் சரியாகிவிடுகிறது. ஏப்ரல் மாத ஆல்ப் மலையில் மூடிக்குள் உங்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இருக்காது. இரண்டாவது கையுறை. மினியின் தொடுதிரை அகச்சிவப்புக் கதிர் மறிக்கப்படுவதை வைத்து வேலை செய்வதால், கனமான கையுறையோடும் அழுத்தலாம். தோல் பட்டால்தான் வேலை செய்யும் தொடுதிரையில் அது முடியாது. வாங்கும்போது இதையும் பாருங்கள்.

முகில்தேடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அண்ணா, ஜி.பி.எஸ். பற்றி நீங்கள் சொல்லவில்லையே. ஃப்ளார்மில் ஆர்.ஜே. 45 இணைப்புத் துளை ஒன்று இருக்கிறது. நேராக ஒரு கம்பி இழுத்துக் கோபோவில் பற்றவைத்துவிடலாமா?

மேகத்தடி எழுதியது:

நேராக வேண்டவே வேண்டாம்! நல்லவேளை, கேட்டீர்கள்.

ஃப்ளார்ம் இருப்பிடத்தையும் அழுத்த உயரத்தையும் தொடர் தகவலாக அனுப்புகிறது. எக்ஸ்.சி.சோருக்கு அது போதும், தனி ஜி.பி.எஸ். தேவையில்லை. ஆனால் அந்தத் துளையில் வருவது ஆர்.எஸ். 232 சைகை, பூச்சியத்துக்குக் கீழும் மேலுமாகப் பல வோல்ட் ஆடும். கோபோ மினியின் உட்பலகையில் இருக்கும் தொடர்முனை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மேக்ஸ் 3232 சில்லு போட்ட சிறு பலகை கட்டாயம். அதே துளையின் சில முனைகளில் 12 வோல்ட் மின்சாரமும் வருகிறது. ஒரு கம்பி இடம் மாறினால் கோபோ அந்த நொடியே போய்விடும். மல்டிமீட்டரால் ஒவ்வொரு முனையையும் அளந்து, எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இரு பக்கமும் பாட் வேகம் (தகவல் அனுப்பும் வேகம்) ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் விமானத்தில் 19200.

பற்றவைக்கும் பழக்கம் இல்லையென்றால் வை-ஃபை வழி இருக்கிறது. ஃப்ளார்மின் தகவலை வை-ஃபையாக மாற்றும் சிறு பெட்டியைக் கிளப் வாங்கினால், கோபோவைத் திறக்காமலே இணைத்துவிடலாம். மின்கலம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். கோபோ வாரக்கணக்கில் தாங்கும் என்பதெல்லாம் புத்தகத்தின் ஒரு பக்கத்தை நிதானமாகப் படிப்பவருக்கு. இங்கே அது ஓயாமல் கணக்குப் போட்டு ஓயாமல் வரைகிறது. என் பழைய மினி நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கும், அதனால் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் மாற்றியை வைத்திருக்கிறேன்.

அந்த மாற்றியில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். முதலில் நான் வாங்கிய மலிவான மாற்றி வானொலியில் ஓயாத இரைச்சலைக் கொடுத்தது. களத்துக்குள் நுழையும்போது இன்னொருவர் இடப்பக்கச் சுற்றில் இருப்பதாகச் சொன்னது என் காதில் விழவில்லை. அவரைக் கண்ணால் பார்த்துத்தான் விலகினேன். இன்றுவரை மறக்கவில்லை. எல்லாவற்றையும் இணைத்ததும் தரையிலேயே வானொலியை இயக்கி, மாற்றியைப் போட்டும் அணைத்தும் கேட்டுப் பாருங்கள்.

வின்ச்_முனை எழுதியது:

பயிற்றுநர் என்ற முறையில் சில வரிகள். முகில்தேடி, கோபோ பதிவு செய்யும் பறப்புத் தடத்தை வெள்ளிச் சின்னத்துக்கு நம்பியிருக்காதீர்கள். உங்கள் ஃப்ளார்மின் பதிவு ஏற்கப்படுமா என்று, சின்னப் பறப்புகளைச் சரிபார்க்கும் கிளப்பின் அதிகாரபூர்வ நோக்கரிடம் முன்பே கேட்டு, அதற்கேற்ற பதிவுக் கருவியைக் கொண்டுபோங்கள். 100 கி.மீ.க்கு உட்பட்ட பறப்பில் உயர இழப்பு தூரத்தின் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கி.மீ.க்கு 600 மீட்டர். மேலே இழுத்துவிடும் கயிற்றை எவ்வளவு உயரத்தில் விடுகிறீர்கள் என்பதையும், புறப்படும் களத்துக்கும் இறங்கும் களத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டையும் முதல் நாளே எழுதிக் கணக்குப் போடுங்கள்.

பொருத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கா 8-இல் விமானத்தை இயக்கும் குச்சி முழுவதும் முன்னே போகும் இடம்வரை கை வைத்துப் பாருங்கள், எதிலும் இடிக்கக் கூடாது. மூடியை எறிந்துவிட்டுக் குதிக்க நேர்ந்தால் காலில் சிக்கும் கம்பி எதுவும் தொங்கக் கூடாது. காந்தம் வைத்த உறை இருந்தால் கழற்றிவிடுங்கள், திசைகாட்டி முள் விலகும். 1:5,00,000 ஐ.சி.ஏ.ஓ. விமான வரைபடத்தின் ஷ்டுட்கார்ட் தாள் மடித்த நிலையில் தொடைமேல் இருக்கட்டும். என் மாணவர்களை முதல் முறை, வழியில் இருக்கும் கைஸ்லிங்கன் ஊர்வரை, அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இருவர் உட்காரும் கிளைடரில் ஓட்டச் சொல்வேன், பின்னிருக்கையில் நான் இருப்பேன். பள்ளத்தாக்குகள் எந்தப் பக்கம் திறக்கின்றன, எந்தச் சமவெளியில் பெரிய வயல்கள் இருக்கின்றன என்பது கண்ணில் பதிந்த பிறகு திரை உதவிக்கு வரட்டும்.

முகில்தேடி எழுதியது:

ஐயா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. பழைய மினி ஒன்றை விற்பனைக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். கிளப்பில் கேட்டதில், பழைய வை-ஃபை பெட்டி ஒன்று பட்டறை அலமாரியில் இருப்பதாகச் சொன்னார்கள். இப்போதைக்குக் கோபோவைத் திறக்கவில்லை. குளிர்காலப் பராமரிப்புக்காகக் கா 8-இன் இறக்கைகள் கழற்றி வைக்கப்பட்டுள்ளன, உடற்பகுதி பட்டறையில் நிற்கிறது. இந்தச் சனிக்கிழமை அதில் உட்கார்ந்து, அட்டையில் மினியின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, குச்சியை நான்கு பக்கமும் தள்ளி இடம் பார்க்கப் போகிறேன். எங்கள் பயிற்றுநரிடம் கைஸ்லிங்கன் பறப்பைப் பற்றிக் கேட்டேன், மார்ச் கடைசியில் முதல் நல்ல நாளில் போகலாம் என்றார். வானொலிச் சோதனையின் முடிவை இங்கே எழுதுகிறேன்.