புது வீட்டுக்கு எத்தனை கிலோவாட் கேட்பது?

மாடிவீடு:
சுவரில் பைப் பதிக்கும் வேலை நடக்கிறது, இந்த வாரமே மின் இணைப்புக்கு மனு கொடுக்க வேண்டும். 1.5 டன் ஏசி மூன்று, 2 கிலோவாட் கீசர் இரண்டு, இண்டக்‌ஷன் அடுப்பு, வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷின், 1 எச்பி மோட்டார், அப்புறம் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ். எல்லாம் கூட்டினால் 15 கிலோவாட் கிட்ட வருகிறது. எலக்ட்ரீஷியன் ஒரே கரண்ட் லைன் வருகிற சிங்கிள் ஃபேஸ் போதும் என்கிறார், மேஸ்திரி மூன்று லைன் வருகிற த்ரீ ஃபேஸ் வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பழைய வயர்மேன்:
நீங்கள் கூட்டியது வீட்டில் இருக்கிற மொத்த லோடு. மெயின் சுவிட்சுக்கு முக்கியம், ஒரே நேரத்தில் எத்தனை ஓடும் என்பதுதான். காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு கீசரும் ஓடுகின்றன, அடுப்பில் ஏதோ வேகிறது, மோட்டார் போட்டாகிவிட்டது, ஒரு ரூமில் ஏசியை யாரும் இன்னும் அணைக்கவில்லை. ஏறக்குறைய 9 கிலோவாட், 230 வோல்ட்டில் 40 ஆம்பியர். இதோடு வாஷிங் மெஷின் ஹீட்டரும் சேர்ந்தால் 48. ஆக 40 ஆம்பியர் மெயின் பத்தாது, 63 தாங்கும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் ஐந்தாறு மடங்கு இழுக்கும், அந்த லைனுக்கு மட்டும் சி டைப் எம்சிபி (அந்த ஒரு கண இழுப்புக்கு விழாத ஆட்டோமேட்டிக் சுவிட்ச்) போடுங்கள். கணக்குப்படி எலக்ட்ரீஷியன் சொன்னது தப்பில்லை.

மாடிவீடு:
நன்றி அண்ணே. ரெண்டு வருஷத்தில் எலக்ட்ரிக் கார் வாங்குகிற எண்ணம் இருக்கிறது, அதைச் சொல்ல விட்டுப்போச்சு.

ஃபியூஸ்கட்டை:
அதை முதலில் சொல்லியிருக்கலாமே! 7.4 கிலோவாட் சார்ஜர் தனியாகவே 32 ஆம்பியர் இழுக்கும், அதுவும் கீசர் மாதிரி கால் மணி நேரத்தில் நிற்காது, மணிக்கணக்கில் ஓடும். ராத்திரி மூன்று ஏசியோடு சேர்த்துப் பாருங்கள். மேஸ்திரி பக்கம்தான் நான். ஃபேஸுக்கு 32 ஆம்பியர் என்றாலே மொத்தம் 22 கிலோவாட் கிடைக்கும், ஆனால் சார்ஜர் ஒரே ஃபேஸில் வேலை செய்வது என்றால் அந்த ஃபேஸ் முழுசாக அதற்கே போய்விடும், அதனால் ஃபேஸுக்கு 40 கேளுங்கள். கீசர் இரண்டையும் ஒரே ஃபேஸில் மாட்டிவிட்டு ட்ரிப் ஆகிறது என்று இங்கே வந்து புலம்பாதீர்கள். மனு போடுமுன் ஒரு விஷயம், கேட்கிற லோடைப் பொறுத்து மாதாந்திர நிலைக் கட்டணம் ஏறுமா என்று விசாரித்துவிடுங்கள்.

பழைய வயர்மேன்:
கார் உண்டென்றால் நானும் த்ரீ ஃபேஸ்தான். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஜாயின்ட் மட்டும் கச்சிதமாக இருக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸில் நியூட்ரல் விட்டால் கரண்ட் போகும், அவ்வளவுதான். த்ரீ ஃபேஸில் லோடு குறைவான ஃபேஸில் வோல்டேஜ் 400ஐ நோக்கி ஏறி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் எரிந்துவிடும். ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் ஒன்று வைத்துவிடுங்கள். மீட்டர் எங்கே வருகிறது?

மாடிவீடு:
கேட் பக்கத்தில். அங்கிருந்து வீடு 30 மீட்டர்.

பழைய வயர்மேன்:
அப்படியென்றால் 6 ஸ்கொயர் எம்எம் வயர் வேண்டாம். 40 ஆம்பியர் ஒரே ஃபேஸில் போனால் அந்தத் தூரத்தில் 7 வோல்ட் விழும், 10 ஸ்கொயர் எம்எம் காப்பரில் 4 சொச்சம்தான். கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு காலி பைப்பையும் இப்பவே புதைத்துவிடுங்கள், தரை போட்டபிறகு உடைக்க மனசு வராது.